கேளாமல் பூசிய எண்ணெய்

நோயில் பூசுதல் வழங்க, நம் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றுக்கு ஓர் இரவு நாம் அழைக்கப்பட்டோம். இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்த இளைஞர், தலையில் பலத்த காயம், நினைவில்லை. தந்தையோ தூத்தூர்ப் படகொன்றில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். கரை திரும்ப இரு வாரமாகும். அறுவைச் சிகிச்சைக்கான தாளைக் கையில் பிடித்திருந்த தாய், "சாமி, கையெழுத்துப் போடட்டா?" என்று கேட்டார். போடச் சொன்னோம். பின்னர் அந்த இளைஞரின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினோம். அவரை நாம் எதுவும் கேட்கவில்லை.

கேளாமல் பூச நமக்கு ஏது உரிமை? திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1006ஆம் சட்டம் இதற்கு விடை தருகிறது. சுயநினைவோடு இருந்தபோது, மறைமுகமாகவேனும் இதை விரும்பியிருந்தவருக்கு வழங்கலாம் என்கிறது அது. சிகிச்சைக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஆனால் அதே கட்டிலில் கிடப்பவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்தலாமா? திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் ஒருவருக்கு மருந்தும் மற்றவருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றுவதை அவர் விரும்பியிருப்பார் என்று எவர் சொல்ல இயலும்?

நோயாளி தரும் உரிமைக்கு அப்பால் மருத்துவருக்கு அவர்மீது உரிமை இல்லை என்று 1952ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எடுத்துரைத்தார். நாத்சி மருத்துவர்களின் கொடுமைகளுக்குப்பின் 1947இல் எழுந்த நியூரம்பெர்க் நெறியின் முதல் விதியும் மனிதரின் தன்னார்வ இசைவையே கோருகிறது. குருமடத்தில் இவற்றைக் கற்ற நாம், விடை முடிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தை அசைத்தது 'கிராஷ்' என்னும் ஆய்வு. தலைக்காயம் பட்டவர்களுக்கு நன்மை பயக்கும் என்று நம்பி, மருத்துவர் பலர் பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து வந்தனர். அதை 10,008 பேரிடம் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். இரு வாரங்களுக்குள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேர் இறந்தனர். பெறாதவர்களில் 18 பேர். பரிவோடு போடப்பட்ட ஊசி உயிரைப் பறித்திருக்கிறது! அத்தனை ஆண்டுகளும் அந்த ஊசிக்கு எவரும் தனியாக இசைவு கேட்டதாகத் தெரியவில்லை. ஆராயாமல் கொடுப்பதும் நோயாளிமேல் நடத்தும் சோதனையே. அதற்குக் கணக்கு மட்டும் எழுதப்படுவதில்லை.

அடுத்த ஆய்வு டிரானெக்சாமிக் அமிலம் பற்றியது. ஜப்பானியத் தம்பதியரான ஒகமோட்டோ இணையர் 1960களில் கண்டறிந்த, இரத்தப்போக்கைத் தணிக்கும் எளிய, விலை மலிந்த மருந்து அது. இந்தியா உட்பட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் இதில் இடம்பெற்றனர். 2010இல் வெளியான முடிவின்படி, இறப்பு நூற்றுக்கு 16 என்பதிலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். தாமதித்தால் தீங்கும் நேரலாம். நினைவற்றவர்களுக்காக உறவினரிடம் இசைவு கேட்கப்பட்டது. உறவினரைக் காத்திருந்தால் மூன்று மணி நேரம் என்னாவது?

எது நல்லது என்று மருத்துவரே உண்மையாக அறியாத இடத்தில், வழக்கமான சிகிச்சை எவருக்கும் குறையாத நிலையில், இத்தகைய ஆய்வு தகும் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் மனம் முழுவதும் அமைதியடையவில்லை. நம் நாட்டில் அரசு மருத்துவமனைக் கட்டில்களில் கிடப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அச்சத்தில் நடுங்கும் கை போடுகிற கையெழுத்தை இசைவு என்று எப்படிக் கொள்வது? ஆய்வின் பலனாவது அவர்களுக்குத் தவறாது கிடைக்க வேண்டும். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க முன்வந்தது. இது அந்தக் கடனில் ஒரு பகுதி எனலாம்.

லூக்கா நற்செய்தியில் குற்றுயிராய்க் கிடந்தவர் உவமை முழுவதிலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சமாரியர் அவரைக் கேட்காமலேயே எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறார். ஆனால் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நம் மறையுரைகளில் அந்த வாக்கை நாம் அதிகம் பேசியதில்லை.

அந்த இளைஞருக்கு நினைவு திரும்பியபின் நாமும் போனோம். எண்ணெய் பூசியதைச் சொன்னோம். நெற்றியைத் தடவிக்கொண்டார். "அந்தத் தாளுல என்ன எழுதியிருந்துன்னு அம்மைக்குத் தெரியுமா, சாமி?" என்று கேட்டார். போடச் சொன்ன நாமே அதைப் படித்துப் பார்க்கவில்லை என்பதை அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.