விளைவித்தவன் வீட்டுப் பசி

நெல்லை விளைவிக்கிறவன் வீட்டிலேயே ஐப்பசி கார்த்திகையில் அடுப்பு எரியாமற்போவதற்குக் காரணம் அவனுடைய பூர்வ கர்மமா, அன்றி மனிதர் செய்துவைத்த ஏற்பாடுகளா என்ற வினாவை, உண்டு முடித்துச் சாய்ந்திருப்பவர்கள் கர்மத்தின் பக்கமே தீர்த்துவிடுவது வழக்கம்.

கர்மத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோரை மாய்த்த பஞ்சத்தை ஆராய்ந்து பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில், தானியக் குறைவைக் காட்டிலும், ஏறிய விலையில் அதைப் பெறும் சக்தி கூலிகளுக்கும் மீனவர்க்கும் அற்றுப்போனதே பெருங்காரணம் என்றும், விளைச்சலில் பங்கைத் தானியமாகவே பெற்ற வாரக்குடிகள் அவர்களைவிடக் குறைவாகத் துன்புற்றனர் என்றும் காட்டியிருப்பதைக் காணும்போது, முன்வினை இத்தனை கச்சிதமாகக் கூலி முறையைப் பார்த்தா வந்து சேரும் என்று கேளாதிருக்க முடியவில்லை.

சிறு விவசாயியோ இவ்விரு சாராருக்கும் இடைப்பட்டவன். களத்துமேட்டிலேயே கடனுக்காக மலிந்த விலைக்கு அளந்துவிட்ட தானியத்தைச் சில மாதங்களில் உயர்ந்த விலைக்கு வாங்குகிறான். மழை பொய்த்தால் கறவை மாட்டையும், பின்பு நிலத்தையும் விற்கிறான். மாடு போன வீட்டில் குழந்தைக்குப் பாலும் போயிற்று. சோறு குறைந்தால் முதலில் சுருங்குவது தாயின் பங்கு.

1867-இல் வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார், பசி முன்வினையின் தண்டனையே ஆயினும், சிறைப்பட்டவனுக்கும் அரசன் சோறளிக்கச் செய்வதுபோல, அதனை ஆற்றுவது ஈசன் ஆணைக்கு மாறானதன்று என வாதித்தார். அவர் வழியில் சாலைகள் நடத்துவோர், நெல்லைத் தை மாதத்திலேயே விற்றுத் தீராதபடி உழவனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதையும் அன்னதானக் கணக்கிலேயே எழுதலாம் என்பது என் அபிப்பிராயம்.