பதமும் சொல்லும்

தமிழில் 'பதம்' என்னும் சொல் இருபொருள் தருவது. இலக்கணத்தில் அது சொல்லைக் குறிக்கும். அடுக்களையில் பாகும் களியும் எய்தவேண்டிய தக்க நிலையைக் குறிக்கும். இவ்விரு பொருளும் ஓரோசையில் வந்து கூடியமை தற்செயலாகலாம். ஆயினும், உணவின் பதத்தைக் கூறப் புதிய சொற்களைப் படைக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் வினா அவ்விரண்டிற்கும் இடையிலேயே உள்ளது. வாய் உணர்வதைச் சொல்லால் பிறருக்கு உணர்த்துதல் இயலுமா? இயலுமாயின், அச்சொல்லைப் படைக்கும் உரிமை யாருக்குரியது?

சுவை நாவிற்குரியது, பதம் பெரிதும் ஊற்றுணர்வுக்குரியது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்வழி வகுக்குமிடத்து உற்றறிவையே முதலாவதாக வைக்கின்றது. பிற்கால மரபு வன்மை, மென்மை முதலாக ஊற்றினை எட்டாக எண்ணிற்று. ஆயின், உண்போனுக்கு அவ்வெட்டும் போதா. பனாட்டும் புழுக்கொடியலும் வன்மையுடையனவே. எனினும், முன்னது வளைந்து பல்லில் ஒட்டும். பின்னது முறிந்து நொறுங்கும். இவ்வேறுபாடுகளை மொறுமொறு, பிசுபிசு, கொழகொழ, பொலபொல என்னும் இரட்டைக்கிளவிகளே பெரிதும் உணர்த்தி வந்துள்ளன. அவற்றை எப்புலவரும் அவையிலிருந்து படைத்தாரல்லர். சமைத்தோரும் உண்டோரும் வழங்கி நிலைபெறச் செய்தனர்.

ஒருவர் வாயுணர்வு மற்றவருக்கு எட்டாதது. எனவே இத்தகைய சொற்கள் வெறும் ஓசைகளே என்று வாதிடுவாருமுளர். 1953இல் வெளிவந்த நூலில் விற்கன்ஸ்ரைன் இவ்வையத்தை வேறொரு வழியில் அணுகினார். கோப்பியின் மணத்தை நம்மால் ஏன் விவரிக்க முடிவதில்லை என்று வினவிய அவர், தன்னொருவனுக்கே விளங்கும் சொல்லுக்குச் சரி, பிழை என்பதே இராது என்பதையும் காட்டினார். சொல்லுக்குப் பொருள் தருவது பிறரோடு பகிரும் வழக்கமே. 1963இல் அமெரிக்காவில் அலினா செஸ்னியாக்கும் அவருடன் பணியாற்றியோரும் உணவின் கடினத்தை அளக்க முற்பட்டபோது வரைவிலக்கணத்தோடு நின்றாரல்லர். மென்மையான பாலாடைக்கட்டியிலிருந்து கற்கண்டு வரை உணவுகளையே படிகளாக நிரைப்படுத்தினர். சொல்லைப் பலரும் ஒருங்கே உண்ணத்தக்க ஒரு கவளத்தோடு பிணைத்தமையே அவர்களது சிறப்பு எனலாம்.

இது வெறும் மொழிவிளையாட்டு அன்று என்பதை நோயாளியின் படுக்கை உணர்த்தும். பாரிசவாதத்தால் விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு 'குழைவாகக் கொடுங்கள்' என்று கூறப்படுகின்றது. ஒரு வீட்டில் அது பருக்கை மிதக்கும் கஞ்சி. மற்றொரு வீட்டில் மசித்த சோறு. இரண்டும் குழைவே. ஆயின், அவற்றுள் ஒன்று அவரது மூச்சுக்குழாயுட் செல்லலாம். இதனாலேயே 2010களில் வகுக்கப்பட்ட பன்னாட்டு நியமம் அத்தகையோர்க்குரிய உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரையான படிகளாகப் பிரித்தது. சிறிஞ்சில் நிரப்பிய 10 மில்லிலீற்றர் பானத்தில் 10 செக்கனுக்குப் பின் எஞ்சுவது எவ்வளவு என்பதைக்கொண்டே பானத்தின் படி துணியப்படுகின்றது. எனவே பதத்தைக் குறிக்கும் சொல் ஒரு வாக்குறுதியாகும். கேட்போரின் வாய்க்கு இன்னது நேரும் என அது உறுதியளிக்கின்றது.

வாக்குறுதி அளிப்போர் அதனைப் பெறுவோரை அறிந்திருத்தல் வேண்டும். சுயமொழிக் கல்வி வளர்ந்த 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் இலங்கைத் தமிழ்க் கல்விக்கு ஆற்றிய தொண்டு மறுக்கற்பாலதன்று. ஆயினும், மண்ணுக்குப் பொருந்தும் 'இழையமைப்பு' என்னும் சொல்லைப் பிட்டுக்கும் வழங்குவோர், பிட்டவிக்கும் பெண் 'பதம்' என்று கூறுவதை ஒருகால் செவிமடுத்திருக்க வேண்டும். அவளது சொல்லைக் கேளாமலே ஒதுக்குவது அவளது அறிவையும் ஒதுக்குவதாகும். அது மொழிக்குறை மட்டுமன்று, அநீதியுமாகும்.

அதற்காக, உள்ள சொற்களே போதுமெனக் கொள்ளுதலும் பொருந்தாது. 'குழைவு' என்னும் ஒரே சொல் இருவேறு உணவுகளை மறைக்குமிடத்துப் புதுச்சொல் படைத்தல் கடமையாகின்றது. அச்சொல் ஓசையினிமையாலோ அகராதியில் இடம்பெற்றமையாலோ தகுதி பெறாது. அதனைக் கேட்ட வேறொருவரின் கை அதே பதத்தை மீண்டும் ஆக்கவும், உண்ணும் வாய் அதனை ஆமெனக் கொள்ளவும் இயலுமாயின் அது சொல்லாகும். அன்றேல் அது பதம் தப்பிய பாகேயாம்.