கடற்கரையில் வக்து வந்தால்

கோடை விடுமுறையில் காந்திபுரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு கோழிக்கோடு கடற்கரைக்குப் போவதுண்டு. கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் புதிது. அலையின் இழுப்பும் புதிது. அங்கே அஸர் வக்து வந்துவிட்டால் தொழுகையா, பிள்ளைக் காவலா?

'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று பிள்ளைகளை அலையோரம் விட்டுவிட்டுத் தக்பீர் கட்டுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படியல்லவா நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்! நீரில் மூழ்குபவரைக் காக்கத் தொழுகையையே முறிக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். அப்படியானால், மூழ்காமல் காப்பது அதற்கும் முந்திய கடமையன்றோ?

அதற்காகத் தொழுகையை விட்டுவிடலாமா? கூடாது. போர்க்களத்திலும் ஒரு சாரார் தொழ, மறு சாரார் காவல் நிற்கும் வழியை ஸூரா அன்னிஸாவின் 102ஆம் ஆயத்து காட்டுகிறது. கணவர் தொழும்போது மனைவி பார்க்கட்டும். மனைவி தொழும்போது கணவர் பார்க்கட்டும். பிரயாணிக்கு அஸர் 2 ரக்அத்துதான்.

நம் குடும்பங்களில் முதற்பாதி நடக்கிறது; மறுபாதி மறந்துபோகிறது. தாய் பையையும் பிள்ளையையும் காத்து நிற்க, மக்ரிப் பாங்கு கேட்டுவிடுகிறது. அவளுடைய தொழுகையும் ஃபர்ளுதானே? பிள்ளை இருவருக்கும் அமானிதம்தானே? ஸலாம் கொடுத்து எழும் ஆண்மகன் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு, 'நீ போய்த் தொழுதுவிட்டு வா' என்று சொல்லட்டும். வல்ல அல்லாஹ் அதற்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.