வயலில் விளைவது வயிற்றுக்கா, விளக்குக்கா?

உண்ணத்தக்க பயிர் ஒன்றை, உண்பவர் எவரையும் கருதாமல், புளிக்க வைத்து வாயுவாக்கி எரிப்பதற்கென்றே உழுது விதைத்து அறுப்பது அறமாகுமா? இக்கேள்வியை வாசகர்கள் முன் இன்று வைக்கிறோம். இது வீண் வாதத்துக்காக நாம் புனைந்த கேள்வியன்று. ஜெர்மனி தேசத்தில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஹெக்டேர் பரப்பில் இக்காரியம் நடந்திருக்கிறது. பயிர் மக்காச்சோளம். வயலிலிருந்து அது நேரே போய்ச் சேருமிடம் உயிரி எரிவாயுக் கலம்.

2000ஆம் ஆண்டில் ஜெர்மன் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. காற்று, வெயில், சாணம் முதலியவற்றிலிருந்து மின்சாரம் எடுத்துத் தருவோருக்கு 20 ஆண்டுகளுக்கு நிச்சயமான விலை கொடுக்கப்படும் என்பது அதன் சாரம். 2004ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. வயலில் இதற்கென்றே விளைவித்த பயிரைக் கலத்தில் இடுவோருக்கு மேலும் ஒரு வெகுமதி என்று அப்போது சேர்த்தார்கள். விளைவு என்ன? 2000ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஆயிரமாக இருந்த வாயு நிலையங்கள் பிற்பாடு ஒன்பதாயிரத்தையும் கடந்தன. மனிதன் சட்டத்தின் சொல்லைவிட அதன் விலைப்பட்டியலையே கூர்ந்து படிக்கிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாணத்தை விட்டு மக்காச்சோளத்தின் மேல் மோகம் பிறந்தது ஏன்? கணக்கு எளிது. ஒரு டன் மாட்டுச் சாணக் குழம்பு ஏறத்தாழ 25 கனமீட்டர் வாயு தரும். ஒரு டன் மக்காச்சோளச் சைலேஜ் ஏறத்தாழ 200 கனமீட்டர் தரும். மாடு தன் நான்கு இரைப்பைகளால் சத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டபின் மிச்சத்தைத்தான் நமக்கு விடுகிறது. சோளமோ தன் சத்து முழுவதையும் வைத்துக்கொண்டு கலத்துக்குள் இறங்குகிறது. சாணத்துக்குத் துணையாக வந்த இவ்விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டதில் வியப்பில்லை.

அந்தப் பயிர் வளர்வதையும் சற்றே பார்ப்போம். பிறப்பால் அது மெக்ஸிகோவுக்குரியது. அங்கே ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லைப் பழக்கி உழவர்கள் உண்டாக்கியது. வெப்ப நாட்டுக் குழந்தையாதலால், ஜெர்மனியின் குளிர் மண் எட்டு, பத்து பாகை வரை சூடேறும்வரை அதை விதைப்பதில்லை. ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் விதைப்பு. வரிசைக்கு வரிசை 75 செண்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள். முதல் இரண்டு மாதம் பயிர் தவழும். இடையிலுள்ள மண் வெறுமையாகக் கிடக்கும். பெருமழை பெய்தால் சரிவு நிலத்தின் மேல்மண் ஓடையில் போய்ச் சேரும். ஜூலை பிறந்ததும் ஆள் உயரத்தைக் கடந்து விடும். (காட்டுப்பன்றிகளுக்கு அவ்வயல் மாளிகை. வீட்டின் பின்னால் மரவள்ளி நட்டுப் பார்த்த நம் தோட்டத்து மக்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.)

அறுவடையும் தனி வகை. மணி முற்றிக் காய்ந்து உதிரும்வரை காத்திருப்பதில்லை. பால் வற்றி மாவாக இறுகும் பருவத்தில், செடி முழுவதிலும் மூன்றில் ஒரு பங்கு உலர்பொருளும் மற்றது நீருமாக இருக்கையில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், தண்டு, இலை, கதிர் யாவற்றையும் ஒருசேர இயந்திரம் வெட்டிச் சிறு துணுக்குகளாக்கி, அருகில் ஓடிவரும் வண்டிக்குள் எறியும். வண்டிகள் இரவும் பகலும் ஓடும். பண்ணையிலே காங்கிரீட் சுவர்களுக்கிடையில் அதைக் குவித்து, கனத்த டிராக்டர்களை மேலே ஏற்றி இறக்கி மிதிப்பார்கள். காற்று புகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் பெருந்துணி போன்ற பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்துப் பழைய டயர்களை அடுக்கிப் பாரமேற்றுவார்கள். உள்ளே புளிப்பு உண்டாகிப் பயிர் கெடாமல் அடுத்த அறுவடைவரை நிற்கும். நம் வீட்டுப் பெண்கள் மாங்காயை உப்பிலிட்டு அழுத்தி வாய் கட்டி வைப்பதும் இதே சாத்திரந்தான். அளவிலேதான் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை.

பிறகு தினமும் கொஞ்சமாக அதை எடுத்துச் சாணக் குழம்போடு கலத்தில் இடுகிறார்கள். காற்றுப் புகாத அக்கலத்தில் 40 பாகை அளவுச் சூட்டில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் படிப்படியாக அதைச் சிதைத்துப் புளிக்கச் செய்து, கடைசியில் மீதேன் வாயுவை விடுகின்றன. எழும் வாயுவில் சற்றேறக்குறையப் பாதி மீதேன். அதை இயந்திரத்தில் எரித்தால் மின்சாரமும் வெப்பமும் உண்டு. எஞ்சிய குழம்பு எருவாக வயலுக்குத் திரும்புகிறது. பார்க்கப் போனால் மிகவும் அழகிய சுழற்சி.

இனி எண்களை வயிற்றோடு ஒட்டிப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 45 டன் பச்சைப் பயிர் கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டால், 9,000 கனமீட்டர் வாயு; அதிலிருந்து ஏறத்தாழ 18,000 யூனிட் மின்சாரம். ஜெர்மானியக் குடும்பங்கள் ஐந்தாறுக்கு ஓராண்டு விளக்கெரிய, சமைக்க, துணி துவைக்கப் போதும். அதே ஹெக்டேரில் மணி முற்றவிட்டு அறுத்திருந்தால் 9 டன் தானியம் கிடைத்திருக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் என்று அளந்தால் நாற்பது பேருக்கு ஓராண்டுச் சோறு. நாற்பது வயிறு ஒரு பக்கம், ஐந்தாறு வீட்டு விளக்கு மற்றொரு பக்கம். அதே நிலத்தின்மீது வெயிலை மின்சாரமாக்கும் கண்ணாடிப் பலகைகளை நிறுத்தினால் இருபது மடங்குக்கு மேல் மின்சாரம் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் நெஞ்சு கொதிப்பது இயல்பு. அப்படிக் கொதித்தவர்களில் ஒருவர், உணவுரிமை பற்றி ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிக்கை தரும் பொறுப்பில் இருந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ழான் சீக்ளர். உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று 2007ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் கூறினார். ஐந்தாண்டுக்கு அதை நிறுத்தி வைக்க வேண்டுமென்றும் கேட்டார். அவர் கண்முன் நின்றது முக்கியமாகச் சோளத்திலிருந்து வடிக்கும் சாராய எரிபொருள். அவ்வாண்டு ஜனவரியிலேதான் மெக்ஸிகோ நகரத் தெருக்களில் சோள ரொட்டியின் விலையேற்றத்தை எதிர்த்து ஜனங்கள் ஊர்வலம் போயிருந்தார்கள். சோளம் பிறந்த மண்ணிலேயே சோளத்துக்கு ஏங்கும் நிலை! ஜெர்மனியிலோ “தட்டா, தொட்டியா?” என்பது மேடைதோறும் முழக்கமாயிற்று.

முழக்கம் நல்லதுதான். ஆனால் அதோடு சிந்தனையை நிறுத்திக்கொள்ள நமக்கு விருப்பமில்லை. ஜெர்மனியில் இவ்வாறு பச்சையாக அறுக்கப்படும் மக்காச்சோளப் பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டேர். அதில் பெரும்பாதி வாயுக் கலத்துக்குப் போவதில்லை. மாட்டின் வாய்க்குப் போகிறது. மாடு உண்டால் பாலும் இறைச்சியும் வருகின்றன என்பார்கள். ஆம், வருகின்றன, யாருக்கு? மெக்ஸிகோவில் ரொட்டி கேட்டு ஊர்வலம் போனவர்களுக்கு அன்று. வசதியுள்ளவன் தட்டில் இறைச்சித் துண்டு பெரிதாவதற்காகத் தானியம் விளையும் நிலம் தீவன நிலமாவதைப் பொறுத்துக்கொள்பவன், விளக்கெரிக்கப் போவதை மட்டும் பாவம் என்பது பொருந்துமா? இயந்திரங்கள் வருமுன் உழவு மாட்டுக்கும் வண்டிக் குதிரைக்கும் தீனி விளைவிக்க ஒவ்வொரு தேசமும் தன் நிலத்தில் கணிசமான பங்கை ஒதுக்கியே வந்தது. அதுவும் ஒருவகை எரிபொருள்தான். அதை எந்த அறநூலும் பழித்ததில்லை. ஆதலின் “உணவை எரிப்பது பாவம்” என்ற ஒற்றை வாக்கியம் இக்கேள்விக்கு விடையாகாது என்பது நம் துணிபு.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? இதற்கு அமர்த்திய சென் 1981ஆம் ஆண்டில் எழுதிய பஞ்சங்களைப் பற்றிய நூல் வழிகாட்டுகிறது. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்களே, அவ்வாண்டு அங்கிருந்த உணவு, பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டில் இருந்ததைவிடக் குறைவில்லை என்று அவர் வாதித்தார். அரிசி இருந்தது, அதை வாங்கும் சக்தி கூலிக்காரன் கையில் இல்லை. யுத்தச் செலவால் பிறர் பை நிறைந்தது. அவன் கூலி அரிசி விலையை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

எரிவாயு ஆதரவாளர்கள் இந்த வாதத்தைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். “பசிக்குக் காரணம் தானியக் குறைவன்று, வறுமையே, எங்கள் சோளத்தைக் குறை கூறாதீர்” என்கிறார்கள். நாமோ அதே வாதம் அவர்களையே திரும்பிச் சுடுகிறது என்கிறோம். பசியைத் தீர்மானிப்பது பணப்பை என்றால், எவன் பையில் எவன் பணம் போட்டான் என்பதல்லவா முதற் கேள்வி? கலத்துக்குச் சோளம் வாங்குபவனுடைய பைக்குப் பின்னால் 20 ஆண்டு உத்தரவாதத்தோடு ஒரு சர்க்கார் நிற்கிறது. அதே உலகச் சந்தையில் தானியம் வாங்க வரும் ஏழைக்குப் பின்னால் எந்தச் சட்டமும் 20 ஆண்டுக்கு நிற்கவில்லை. விளக்குக்கு விலை நிச்சயம். வயிற்றுக்கு விலை நிச்சயமில்லை. நிலம் எப்பக்கம் சாயும்? இருவரும் சந்தைக்கு வருமுன்னரே ஏலம் முடிந்துவிட்டது.

இந்த ஏலத்தில் தோற்றவர்கள் தூர தேசத்தவர் மட்டுமல்லர். வாயு நிலையம் வைத்த பண்ணைக்காரன் நிலத்துக்கு அதிகக் குத்தகை தர முடிந்தது. பக்கத்தில் பத்துப் பசு வைத்துப் பால் கறந்தவனால் முடியவில்லை. 2009இல் பால் விலை விழுந்தபோது நிலைத்த வருமானம் தந்த வாயுக் கலத்தை நாடிய உழவனை நாம் பழிக்க மாட்டோம். பிள்ளை குட்டியுள்ளவன் வேறென்ன செய்வான்? பல இடங்களில் புல்வெளிகள் உழப்பட்டுச் சோள வயல்களாயின. தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கு இடம் சுருங்கிற்று. நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்ததற்காக 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சோளத்தை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. அளவுக்கு மீறிய கால்நடைச் சாணமே பெருங்காரணம். ஆனால் எவ்வளவு சாணத்தைக் கொட்டினாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும் பயிர் சோளம் என்பதையும் மறைக்கலாகாது. நாடே சோளமாகிப் போயிற்று என்னும் பொருள்பட ஜெர்மானியர் தம் மொழியில் ஒரு புதுச்சொல்லே படைத்துக்கொண்டார்கள்.

சர்க்கார் கண் விழித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில், புதிய நிலையங்களில் இடும் பொருளில் சோளமும் தானியமும் எடையில் 60 சதவீதத்தை மீறக்கூடாது என்றார்கள். 2017இல் அதை 50 ஆக்கினார்கள். 2021இல் 40. இடையில் 2014ஆம் ஆண்டில் பயிருக்கான வெகுமதியையே புதிய நிலையங்களுக்கு நீக்கினார்கள். அறம் என்பது சதவீதமா என்று நகைப்பவர் உண்டு. பாவமென்றால் முற்றும் விலக்கு, புண்ணியமென்றால் முற்றும் செய் என்பது அவர்கள் கட்சி. நாம் அக்கட்சியில் இல்லை. உப்பும் மருந்தும் போலப் பல காரியங்கள் அளவினாலேயே நல்லவையும் தீயவையும் ஆகின்றன. அந்த அளவைப் பத்தாண்டு முன்னதாகவே வைத்திருந்தால் எத்தனையோ புல்வெளிகள் பிழைத்திருக்கும் என்பதே நம் வருத்தம்.

அளவறிந்து செய்த இடமும் உண்டு. கோட்டிங்கன் நகரத்துக்கு அருகில் யூன்டே என்னும் சிற்றூர். 2005ஆம் ஆண்டில் அவ்வூரார் கூட்டுறவாகச் சேர்ந்து, தம் மாடுகளின் சாணத்தையும் தம் வயற்பயிரையும் கொண்டு வாயுவும் மின்சாரமும் எடுத்து, எழும் வெப்பத்தைக் குழாய்கள் வழியே வீடுகளுக்கு அனுப்பிக் குளிர் காய்ந்தார்கள். பிற இடங்களில் பல நிலையங்கள் மின்சாரத்தை மட்டும் விற்று வெப்பத்தை வானத்துக்கு விட்டதைப் பார்க்கும்போது, இவ்வூராரின் சிக்கனம் பாராட்டத்தக்கது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்று வீசாத இரவில் வெயிற்பலகையும் காற்றாலையும் கைகட்டி நிற்கும். வாயுவைச் சேமித்து வைத்து அந்நேரத்தில் எரிக்கலாம். 2022ஆம் ஆண்டு உக்ரேன் யுத்தத்தால் ருஷ்ய வாயு நின்றபோது, வாயு நிலையங்களுக்கு இருந்த உற்பத்தி வரம்பை ஜெர்மனி சிறிது காலம் தளர்த்தியது. அவ்வாண்டிலேயே கோதுமை விலையும் உயர்ந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இரண்டு தட்டும் ஒரே நாளில் தராசில் ஏறின.

ஜெர்மன் தேசத்துச் சோளத்தைப் பற்றி மலாயாத் தமிழருக்கு என்ன என்று கேட்பவர், தம் செம்பனை ஆலையின் பின்புறம் சென்று பார்க்கட்டும். பழம் அவித்துப் பிழிந்தபின் ஓடும் கழிவுநீர்க் குளங்களில் கொப்புளித்தெழும் வாயுவும் அதே மீதேன்தான். நெடுங்காலம் அது வீணே காற்றில் கலந்தது. 2014ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் புதிதாகக் கட்டும் ஆலைகள் அவ்வாயுவைப் பிடிக்கும் சாதனம் வைத்தாக வேண்டுமென்று விதி வந்தது. அதற்காக எவரும் ஒரு பிடி மண்ணைப் புதிதாக உழவில்லை. எவர் தட்டிலிருந்தும் ஒரு கவளம் எடுக்கப்படவில்லை. ஆனால் அதே ஆலையின் முன்வாசல் வழியே போகும் எண்ணெயில் ஒரு பங்கு டீசலில் கலக்கிறது. 2019ஆம் ஆண்டில் வண்டிகளுக்கான டீசலில் அது பத்தில் ஒரு பங்கு என்று விதிக்கப்பட்டது. அந்த எண்ணெய் சமையற்கட்டுக்கும் உரியது. ஆலையின் பின்வாசலைப் பற்றி நமக்கு ஒரு வழக்கும் இல்லை. முன்வாசலில் நிற்கும் லாரியிடம், சந்தையில் உன்னோடு ஏலம் கேட்பவர் யார், அவர் பையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை அப்பழத்தை வெட்டிச் சுமந்தவனுக்கு உண்டு.