இரவல் மரம்

ராமநாதபுரத்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு வில்லோ மரத்தைப் பற்றிக் கவலைப்படுவது அபத்தம்தான். ஆனால் பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு ஷேக்ஸ்பியரிடமிருந்து எளிதில் விடுதலை இல்லை. ஓஃபீலியா வில்லோக் கிளை முறிந்து ஓடையில் விழுகிறாள். டெஸ்டிமோனா சாவதற்குச் சற்று முன் வில்லோப் பாட்டைப் பாடுகிறாள். சீனத்தில் ஆற்றங்கரை வில்லோவை ஒடித்துப் பிரிந்து செல்பவர் கையில் கொடுப்பது பழைய வழக்கம். அம்மொழியில் மரத்தின் பெயரும் 'தங்கு' என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி: லியூ. ஆக, கிளை ஒரு மன்றாடல்.

வில்லோவின் உறவு தமிழிலும் உண்டு, மலையாறுகளின் ஓரம் வளரும் ஆற்றுப்பாலை. நான் இரண்டையும் கண்டதில்லை. ஆனாலும் அண்ணன் வளைகுடாவுக்குப் போனபோது நான் எழுதிய கவிதையில் வில்லோ அழுதது.

பஸ் நிலையத்தில் அண்ணனுக்குப் பின்னால் உண்மையில் நின்றது சீமைக்கருவேல். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்ற உத்தரவிட்ட மரம். அதே வருஷம்தான் அண்ணன் போனார். அப்பா கரிமூட்டம் போட்டு எங்களைப் படிக்கவைத்ததும் அந்த மரத்தில்தான்.

இரவல் வாங்கியது குற்றமல்ல. சீமைக்கருவேலும் அமெரிக்காவிலிருந்து வந்த இரவல்தான். ஒன்று எங்களோடு வாழ்ந்தது, மற்றது நான் வாசித்தது. எங்கள் துக்கத்துக்கு எங்கள் மரம் போதாது என்று கூசினேனே, பொய் அங்கே இருக்கிறது.

கவிதையைத் திருத்தலாமென்று உட்கார்ந்தேன். முள்ளை ஒடித்து யார் கையில் கொடுப்பது?