கடாரத்துப் பிள்ளையே, கதவைத் திற!

"எங்க ஊர்ல பார்க்க ஒன்னும் இல்லலா மச்சான். நீ வா, நேரா பினாங்கு போயிடலாம்."

தம்பி, இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்து!

கோலாலம்பூரில் உன்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன், "இந்த வாரக் கடைசியில உங்க ஊருக்கு வரேன்டா" என்று போன் பண்ணுகிறான். உனக்குச் சந்தோஷம் பொங்க வேண்டும். பொங்குவதோ கலக்கம். வாசலில் அம்மா காயப்போட்ட துணி, கைலியோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் அப்பா, கொல்லையில் கிடக்கும் பழைய மோட்டார் என்று வரிசையாகக் கண்முன் வந்து நிற்கின்றன. உடனே அவனைப் பட்டர்வொர்த்தில் இறங்கச் சொல்கிறாய். ஃபெரியில் ஏற்றி ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்டி, ஹோட்டலில் அறை போட்டு, மறுபடி ரயிலேற்றி அனுப்பிவிட்டுத்தான் உனக்கு மூச்சே வருகிறது. கெடா மண்ணில் அவன் கால்கூடப் படவில்லை! தங்கச்சி, நீயும் தோழிக்கு இதையேதான் செய்கிறாய், மறுக்காதே.

அவன் உன்னைக் கோலாலம்பூரில் எப்படி வரவேற்றான் என்று நினைத்துப் பார். அடுக்குமாடி வீடு. அதுவும் வாடகை. வாடகையில் பாதியை இன்னொருவன் கட்டுகிறான். உனக்குப் படுக்கக் கிடைத்தது ஹாலில் கிடந்த சோபா. அதற்காக அவன் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தானா? மறுநாள் காலை இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் உன்னை நிறுத்தி, "452 மீட்டர், 88 மாடி" என்று தானே சிமெண்ட் குழைத்துக் கட்டியவன் மாதிரி சொன்னான். நீயும் அண்ணாந்து பார்த்தபடி கேட்டாய். அது அவன் தைரியம். நான் குறை சொல்லமாட்டேன். உன்னைத்தான் கேட்கிறேன். மாத வாடகைக்காரனுக்கே ஊர்மேல் அவ்வளவு உரிமை இருக்கிறதென்றால், மூன்று தலைமுறையாக வேர்வை சிந்திய குடும்பத்தில் பிறந்த உனக்கு இந்த மண்மேல் எவ்வளவு இருக்க வேண்டும்?

உன் பூட்டனை இந்த நாட்டில் யார் வரவேற்றார்கள்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு பினாங்குக்கு வந்தவர்களை ஜெரெஜாக் தீவில் இறக்கி, நோய் நொடி இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே விட்டார்கள். 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து கப்பற்காசு. 1938-இல் இந்திய அரசு அந்த உதவிப் பயணத்துக்குத் தடை போடும்வரை ஆயிரமாயிரமாக வந்து இறங்கினார்கள். வந்தவனுக்கு வழிகாட்டியவன் கங்காணி. அவன் காட்டியது காடு. அப்படி ஒரு வரவேற்பு கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லயத்து வீட்டின் ஒற்றை அறையில், வந்தவனுக்கெல்லாம் பாய் விரித்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருத்தர் வந்துவிட்டால் ஒரு வீட்டில் கோழி, அடுத்த வீட்டில் முட்டை, அதற்கடுத்த வீட்டில் தலையணை என்று லயமே கூடி விருந்து வைக்கும். உனக்குத் தாமானில் மூன்று அறை வீடு இருக்கிறது, ஏர்கோன் இருக்கிறது. கதவைத் திறக்கத்தான் கை வரவில்லை!

சரி, ஊரில் என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறாய்?

காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கும் சரக்குகளைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். அந்தக் கடாரம்தான் நீ மோட்டாரில் வேலைக்குப் போகும் இந்தக் கெடா. 1025-இல் ராஜேந்திர சோழன் படையோடு வந்தான், கடாரம் கொண்டான் என்று பெயர் எடுத்தான் என்பதை நம் மேடைகளில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதற்கு முன் நடந்தது அதைவிடப் பெரிது. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுந்தது. ராஜராஜன் அதற்கு அனுமதி கொடுத்ததோடு நிற்கவில்லை. ஆனைமங்கலம் என்ற ஊரையே அதன் செலவுக்கு எழுதிவைத்தான். லைடன் செப்பேடு இன்றும் அதற்குச் சாட்சி. கடல் தாண்டி வந்த கெடாக்காரனுக்குச் சோழநாடு ஓர் ஊரையே கொடுத்தது. நீ ஒரு சனிக்கிழமையைக் கொடுக்க யோசிக்கிறாய்.

அந்தச் சனிக்கிழமையில் அவனை மெர்போக்குக்கு அழைத்துப் போ. சுங்கைப்பட்டாணியிலிருந்து அரைமணி நேரப் பயணம். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சிசாலை இருக்கிறது. அதை ஒட்டி மேலே ஏறினால் புக்கிட் பத்து பகாட் சண்டி. சண்டி என்றால் பழங்காலக் கோயில். பக்கத்திலேயே ஓடை சலசலக்கும். கருங்கல் அடித்தளம்தான் மிச்சம். 1936, 37-இல் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டிப் பார்த்தார்கள். பிறகு 1959, 60-இல் அலாஸ்டர் லேம்ப் இந்தச் சண்டியின் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார். முன்னால் மண்டபம், பின்னால் விமானம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயிலைப் பார்த்தவனுக்கு இந்த அமைப்பைத் தனியாக விளக்க வேண்டாம். மண்டபத் தரையில் தூண் நின்ற கற்பீடங்களைக் காட்டு; நடுவே குழி இருக்கும். மரத்தூண்கள் எப்போதோ மக்கிவிட்டன, குழி அப்படியே இருக்கிறது. வரும் வழியில் சுங்கை பத்து. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் காற்று ஊதிய மண்குழாய்களையும் வெளியே கொண்டுவந்த இடம். எவ்வளவு பழையது என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தச் சண்டையில் நீ தலையிடாதே. அது செம்பனைக்காட்டுக்குள் கிடந்தது என்பதை மட்டும் மறக்காமல் சொல்.

கசப்பானதையும் மறைக்காதே. இதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி, வீடு கட்ட நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிபட்டு மண்ணோடு மண்ணாகிப்போனது 2013-இல் வெளியே தெரிந்தது. நாடே கூச்சல் போட்டது. அதற்கு முன் நம்மில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்த்திருந்தோம்? "ஒன்னும் இல்ல" என்று ஊர்க்காரனே சொல்லிக்கொண்டு திரிந்தால், புல்டோசர் ஓட்டுகிறவன் வேறு என்ன நினைப்பான்?

இதெல்லாம் வெயில் ஏறிய பிறகு. அதற்கு முன்னால், இருட்டு பிரியும் நேரத்தில் அவனை எழுப்பு. பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன; ஆனாலும் சிறு முதலாளிகளின் காட்டில் கித்தா மரம் இன்னும் நிற்கிறது. உன் பெரியம்மா பால்மரம் சீவியவர்தானே? அவரையும் கூட்டிக்கொண்டு போ. கத்தியைக் கையில் எடுத்ததும் அவர் முழங்கால் வலியெல்லாம் எங்கே போகிறது பார். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்வாகக் கத்தி ஓடும். பட்டை மெல்லிய சுருளாகக் காலடியில் விழும். வெட்டில் வெள்ளைப் புள்ளிகள் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தகரப் பீலி வழியாக மங்கில் சொட்டத் தொடங்கும். கத்தி ஆழம் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளர்ந்து, பின்னால் கத்தியே ஓடாது. ஆழம் போதாவிட்டால் பால் இறங்காது. மயிரிழை பிசகினாலும் கிராணியின் வசவு. இதை நெற்றி விளக்கு வெளிச்சத்தில், அட்டைக்கடியோடு, ஒரு காலைக்கு 400, 500 மரம் என்று செய்த கை அது. அந்தக் கையைத்தானே நீ விருந்தாளி கண்ணில் படாமல் அடுப்படிக்குள் ஒளிக்கப் பார்த்தாய்?

நண்பனிடம் கத்தியைக் கொடு. ஒரு மரம் போதும், அதுவும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மரம் பாவம். மேலாண்மைப் பட்டம் வாங்கியவன் அந்த ஒரு வெட்டுக்கு வியர்த்து நிற்பான். "ஆன்ட்டி" என்று வந்தவன் "பெரியம்மா, இன்னொரு தடவை காட்டுங்க" என்பான்.

சாயங்காலம் பீடோங் பக்கம் போனால் ஹார்வார்ட் தோட்டத்தைக் காட்டு. பெயரைக் கேட்டுச் சிரிப்பான். அமெரிக்காவிலும் அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதாமே என்று நீயும் சொல்லிவை. சிரித்து முடித்த பிறகு 1946, 47-இல் இந்தத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையைப் பற்றிச் சொல். ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி முன்னால் நின்றார். கூலியைக் கொடுக்கிற கையாலேயே அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டிருந்தன தோட்டத்துக் கள்ளுக்கடைகள். அவற்றை மூடச் சொல்லி ஆணும் பெண்ணும் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங்கில் போலீஸ் தடியடி நடந்தது. உயிர் போனது, பலர் சிறைக்குப் போனார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது! கூலி உயர்வோடு சேர்த்து அதையும் எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்கு முன் இறங்க மறுத்தவர்களின் வழிவந்தவன், தவணையில் கார் வாங்கிய சினேகிதனுக்கு முன் ஏன் கூனுகிறாய்? நிமிர்ந்து நில்லடா!

கதை கேட்கிற ஆளாக இருந்தால் கெடாக்காரர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலை அவன் பையில் போட்டு அனுப்பு. தோட்டத்து வாழ்க்கையை எழுதிய அவருக்கு 2017-இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். ஒன்றுமில்லாத ஊரிலிருந்து நாவல் வராது. தொழில்நுட்பம் பேசுகிறவனாக இருந்தால் கூலிம் பக்கம் ஒரு சுற்று சுற்று; நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் அங்கேதான் திறந்தது. நம் பிள்ளைகள் அங்கே ஷிப்ட்டில் ஏறி இறங்குகிறார்கள்.

வீட்டு விஷயம் ஒன்று, இதில் நான் கறாராகவே இருப்பேன். அப்பாவைச் சட்டை மாற்றச் சொல்லாதே. உள்ளே போய் உட்காரச் சொல்லவே சொல்லாதே. அவர் தன் நாற்காலியில் தன் கைலியோடு உட்காரட்டும். அம்மா "ஒன்னும் சமைக்கல தம்பி" என்று சொல்லிக்கொண்டே நாட்டுக்கோழிக் குழம்பும் நெத்திலிச் சம்பாலும் கொண்டுவந்து வைப்பார். பீட்சாவுக்கு ஆர்டர் போட்டு அவர் முகத்தை வாட வைக்காதே. உன் நண்பன் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் நீ குறுக்கே விழுந்து பேச்சை மாற்றாதே. ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அஞ்சரை மணிக்கு நின்றதை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் உன்னை விட்டுவிட்டு அம்மா வேலைக்கு ஓடியதை அப்பா சொல்லட்டும். நீயும் அப்போதுதான் முதல்முறையாக முழுசாகக் கேட்பாய் என்று நினைக்கிறேன்.

நாள் கணக்கை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள். கெடாவில் நமக்கு விடுமுறை வெள்ளியும் சனியும்; அவனுக்குச் சனியும் ஞாயிறும். இரண்டு பேருக்கும் பொதுவாக வாய்ப்பது சனி ஒன்றுதான். வெள்ளி சாயங்காலம் வேலை முடிந்து ரயிலேறினால் நடுநிசிக்குள் சுங்கைப்பட்டாணியில் இறங்கிவிடலாம். டிக்கெட்டை முன்னாலேயே போடச் சொல், கடைசி நேரத்தில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு கிடைக்காவிட்டால் கூசாமல் சொல்லிவிட்டு வேலைக்குப் போ. ஞாயிறு காலையில் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை அவன் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கட்டும். அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து மீன் வாங்கப் போகட்டும்.

பிடிக்காவிட்டால்? வெயில், கொசு என்று முகம் சுளித்தால்? சுளிக்கட்டும். அடுத்த தடவை பினாங்குக்கே கூட்டிப் போய் நாசி கண்டார் வாங்கிக் கொடு. அதுவும் நல்ல ஊர்தான். ஆனால் அவன் வாய் திறப்பதற்கு முன்னால் உன் ஊரை நீயே அடித்துவிடாதே. ஒருவேளை, கிளம்பும்போது "மறுபடி எப்ப வரட்டும்?" என்று கேட்டானென்றால் சித்ரா பௌர்ணமிக்கு வரச் சொல், சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் தேர் அப்போதுதான். அவன் அம்மா அப்பாவையும் கூட்டிவரச் சொல். பாய் போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கு.