அறியாமல் அளிக்கும் தீர்ப்பு

பொய் என்று தெரிந்தே பொய் சொல்பவன் குற்றவாளி. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் ஒரு பொய்யை மெய்யென்று நம்பி, நல்லெண்ணத்துடன் அதைப் பத்துப் பேருக்குச் சொல்பவனின் நிலை என்ன? அவன் யாரையும் வஞ்சிக்க நினைக்கவில்லை. தனக்கு வந்த செய்தி பிறருக்கும் பயன்படட்டும் என்றே எண்ணினான். அந்தச் சொல்லால் ஒருவனுடைய உயிர் போகுமானால், அந்தப் பழியில் இவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

வதந்தி என்பது மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இருந்து வருவதுதான். அது நடந்து சென்ற காலத்தில், அடுத்த ஊரை அடைவதற்குள் யாரேனும் ஒருவர் அதைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்க வாய்ப்பு இருந்தது. இன்று விரல் நுனியின் ஓர் அசைவில் அது ஆயிரம் வீடுகளுக்குள் நுழைந்து விடுகிறது. ஆகவே, தத்துவ மாணவர்கள் வகுப்பறையில் விவாதிக்கும் இக்கேள்வி, கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் கேள்வியாகவும் மாறியிருக்கிறது.

கற்பனைக் கிரகம் ஒன்று

'தி ஆர்வில்' என்பது சேத் மெக்ஃபார்லேன் உருவாக்கிய அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். அதில் 2017 அக்டோபர் 26 அன்று ஒளிபரப்பான ஏழாவது அத்தியாயத்தின் பெயர் 'மெஜாரிட்டி ரூல்', அதாவது 'பெரும்பான்மையின் ஆட்சி'. பொழுதுபோக்கிற்காக எடுக்கப்பட்டதுதான் என்றாலும், அது எழுப்பும் கேள்வி ஆழமானது.

விண்வெளிக் கப்பல் ஒன்றின் குழுவினர், காணாமற்போன இரண்டு ஆய்வாளர்களைத் தேடி ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். அந்தக் கிரகம் பார்ப்பதற்கு ஏறக்குறைய இன்றைய பூமியைப் போலவே இருக்கிறது. ஒன்றுதான் வேறுபாடு. அங்கே ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறு சின்னம் அணிந்திருக்கிறார்கள். அதில் மேல்நோக்கிய அம்பு ஒன்று, கீழ்நோக்கிய அம்பு ஒன்று. ஒருவரைப் பிடித்திருந்தால் மேல் அம்பை அழுத்தலாம். பிடிக்காவிட்டால் கீழ் அம்பை அழுத்தலாம். எதிர்வாக்குகள் பெருகினால் கைது. பிறகு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றி நாடெங்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பின்னரும் எதிர்வாக்குகள் ஒரு கோடியை எட்டினால், 'திருத்தம்' என்ற பெயரில் அந்த மனிதனின் மூளை சிதைக்கப்பட்டு, அவன் ஒரு நடைப்பிணமாக ஆக்கப்படுகிறான். நீதிபதி இல்லை, சாட்சி விசாரணை இல்லை. மக்களின் விருப்பு வெறுப்பே சட்டம்.

தேடப்பட்ட ஆய்வாளர்களுள் ஒருவர் செய்த குற்றம், பயணத்தின்போது ஒரு கர்ப்பிணிக்கு இருக்கையை விட்டுக் கொடுக்கத் தவறியது. தேடிச் சென்ற குழுவைச் சேர்ந்த லமார் என்ற இளைஞன், வீதியிலிருந்த ஒரு சிலையின் அருகில் விளையாட்டாக, நாகரிகமற்ற முறையில் நடனமாடுகிறான். அது அம்மக்கள் போற்றும் ஒரு பெண்மணியின் சிலை என்பது அவனுக்குத் தெரியாது. யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பி விடுகிறார்கள். சில நொடிகளே ஓடும் அந்தக் காட்சியைப் பார்த்த லட்சக்கணக்கானோர் அவனது முழு இயல்பையும் அறிந்து விட்டதாக நினைக்கிறார்கள். அவர்களுடைய விரல்கள் கீழ் அம்பை நோக்கிச் செல்கின்றன.

பொய்யால் வந்த விடுதலை

லமாரை அவனுடைய தோழர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதில்தான் அத்தியாயத்தின் உயிர்ப்பகுதி இருக்கிறது. லைசெல்லா என்பவள் அக்கிரகத்தைச் சேர்ந்த ஒரு சாதாரணப் பெண். காபிக்கடை ஒன்றில் வேலை செய்பவள். உண்மையை அவளிடம் சொல்லி அவளைக் கப்பலுக்கு அழைத்து வருகிறார்கள். எத்தகைய செய்திகள் தன் மக்களின் மனத்தை இளக்கும் என்று அவள் கூறுகிறாள். கப்பலில் உள்ள இயந்திர மனிதனான ஐசக், லமாரைப் பற்றி அனுதாபம் பிறக்கத்தக்க கற்பனைப் படங்களையும் கதைகளையும் இட்டுக்கட்டி, அக்கிரகத்தின் செய்தி ஓடையில் கலந்து விடுகிறான். எந்த மக்கள் அவனை வெறுத்தார்களோ அதே மக்களுள் பலர் உருகுகிறார்கள். எதிர்வாக்கு ஒரு கோடியைத் தொடாமல் நின்று விட, லமார் மயிரிழையில் தப்புகிறான்.

பார்ப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் அங்கே நடந்தது என்ன என்று சற்று நின்று யோசித்தால் அந்த நிம்மதி நிலைக்காது. அம்மக்கள் அவனை வெறுத்தபோதும் அவனை அறிந்திருக்கவில்லை, இரங்கியபோதும் அறிந்திருக்கவில்லை. முன்னது அரைகுறைச் செய்தியால் வந்த சினம். பின்னது முழுப் பொய்யால் வந்த கருணை. சினம் கருணையாக மாறியதே தவிர, அறியாமை அறிவாக மாறவில்லை. மறுநாள் வேறொருவன் அதே நாற்காலியில் உட்காரும்போது, அவனுக்காகப் பொய் சொல்ல ஒரு விண்கப்பல் வரப்போவதில்லை.

கௌசிகனின் பிழை

அப்படியானால் தோழர்கள் பொய் சொன்னது தவறா? இந்தக் கேள்வி புதியதன்று. மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குக் கௌசிகன் என்ற தவசியின் கதையைச் சொல்கிறான். எந்நிலையிலும் உண்மையே பேசுவது என்பது அவனுடைய விரதம். கள்வர்களுக்கு அஞ்சிச் சிலர் அவனிருந்த காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். துரத்தி வந்த கள்வர்கள் அவர்கள் சென்ற வழியைக் கேட்க, கௌசிகன் உள்ளதை உள்ளபடியே சொல்லி விடுகிறான். ஒளிந்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் உண்மை பேசிய கௌசிகன் நரகத்தை அடைந்தான் என்று முடிகிறது கதை. இதற்கு நேர்மாறாக, நண்பனைக் கொல்ல வந்தவனிடம்கூடப் பொய் சொல்ல உரிமை இல்லை என்று 1797-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் வாதிட்டார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட்.

உயிரைக் காக்க வேறு வழியே இல்லாத நெருக்கடியில் சொல்லப்படும் பொய்யை இந்நாட்டு அறநூல்கள் பல பொறுத்துக் கொள்கின்றன. வள்ளுவரும் குற்றமற்ற நன்மை என்ற கடுமையான நிபந்தனையுடன்தான் அதற்கு இடமளிக்கிறார். அந்த வகையில் லமாரின் தோழர்களை மன்னிக்கலாம். ஆனால் அவர்களை மன்னித்து விடுவதால் அக்கிரகத்தின் நோய் தீர்ந்து விடாது. ஒரு நிரபராதியைக் காக்க உண்மைக்கு வலிமை போதாமல் பொய் தேவைப்படுகிறது என்றால், அந்தச் சமூகம் உண்மையைக் கேட்கும் செவியையே இழந்து விட்டது என்பதுதான் பொருள். அந்தச் செவியைக் கெடுத்தவர்கள் யார்? படம் பிடித்தவன் ஒருவன். பொய் புனைந்தவன் ஒருவன். அம்பை அழுத்தியவர்களோ லட்சக்கணக்கானோர்.

கற்பனை அல்லாத ஒரு சம்பவம்

இதைத் தொலைதூரக் கிரகத்தின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2018-ஆம் ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப் வழியாக வதந்தி பரவியது. அப்போது சுற்றிய காணொளிகளுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். உண்மையில் அது கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டு வந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் ஒன்றைக் காட்டுகிறார்கள். அந்த முடிவை யாரோ வெட்டி எறிந்தார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம், மனிதர்களைக் கொல்லும் கருவியாயிற்று.

அவ்வாண்டு ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்திலுள்ள ரைன்பாடா கிராமத்தில் சந்தை நாள். பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த சிலர் அங்கு வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேச முயன்றார் என்பதே போதுமானதாக இருந்தது. ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கல்லெடுத்தவர்கள் தண்டனைக்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கைகளில் கல் ஏறுவதற்கு முன்பே, அந்த மனங்களில் தீர்ப்பு ஏறியிருந்தது. அந்தத் தீர்ப்பை ஏற்றியவர்களில் பெரும்பாலோர் அவ்வூரைப் பார்த்ததுகூட இல்லை. எங்கோ தம் வீட்டில் அமர்ந்து, தம் குழந்தைகளின் மீதுள்ள அன்பினால், ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.

வாய்மையின் இலக்கணம்

'நான் நம்பியதைத்தானே சொன்னேன்' என்பது இவர்களின் பதிலாக இருக்கக்கூடும். பதஞ்சலியின் யோக சூத்திரங்களுக்கு வியாசர் எழுதிய உரை இந்தப் பதிலை ஏற்பதில்லை. சொல்லும் மனமும் பொருளோடு பொருந்தியிருப்பதே வாய்மை என்கிறது அந்த உரை. கண்டது எப்படியோ, ஊகித்து அறிந்தது எப்படியோ, கேட்டது எப்படியோ, அப்படியே சொல் அமைய வேண்டும். அது வஞ்சனை கலந்ததாக இருக்கக் கூடாது. மயக்கத்தில் பிறந்ததாகவும் இருக்கக் கூடாது. கேட்பவருக்கு அறிவைத் தராத வெற்றுச் சொல்லாகவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உயிர்களின் நன்மைக்காகப் பேசப்பட வேண்டும். உயிர்களுக்குக் கேடு விளைவிக்குமானால் அது வாய்மையே ஆகாது.

இதில் இரண்டாவது நிபந்தனை உற்று நோக்கத்தக்கது. வஞ்சிக்கும் எண்ணம் இல்லாதிருந்தால் மட்டும் போதாது. மயக்கமும் இல்லாதிருக்க வேண்டும். அதாவது, நல்லெண்ணம் வாய்மையின் ஒரு பாதிதான். தான் சொல்வது உண்மையா என்று ஆராயும் உழைப்பு மறுபாதி. அந்த உழைப்பைச் செய்யாதவன் பொய்யன் அல்லன். ஆனால் வாய்மையாளனும் அல்லன். தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. நம்பிப் பரப்பியவனுக்கும் பழியில் பங்கு உண்டு. வஞ்சகனின் பங்கைவிட அது சிறியதாக இருக்கலாம். இல்லை என்று சொல்ல முடியாது.

நியாய தரிசனமும் இதே இடத்திற்கு வேறு வழியில் வந்து சேர்கிறது. பிறர் சொல்லைக் கேட்டு அறிவதையும் அது அறிவுக்குரிய வழிகளில் ஒன்றாக ஏற்கிறது. ஆனால் எல்லோருடைய சொல்லையும் அன்று; நம்பத்தக்கவனாகிய ஆப்தனின் சொல்லை மட்டுமே. ஆப்தன் யார்? பொருளை நேரில் அறிந்தவன். அறிந்தபடியே பிறருக்கு உணர்த்த வேண்டும் என்ற விருப்பத்தால் பேசுபவன். முனிவனாயினும் அந்நியனாயினும் இந்த இலக்கணம் ஒன்றே என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் கூறுவது வியப்புக்குரியது. சொல்பவன் உறவினன் என்பதாலோ, தன் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதாலோ, அவனைப் பின்பற்றுவோர் பலர் என்பதாலோ அவன் ஆப்தன் ஆகிவிடுவதில்லை. கைப்பேசியில் வரும் செய்தியைச் சொன்னவர் யார் என்றே தெரியாதபோது, அவர் அறிந்து சொன்னாரா என்று கேட்கவும் வழியில்லை. எத்தனை பேர் கைமாற்றினாலும் ஒரு வதந்தி அறிவாகி விடாது. பூஜ்யங்களை எத்தனை முறை கூட்டினாலும் பூஜ்யமே.

என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்ய வாக்கெடுப்பு தகுந்த வழிதான். யார் ஆள்வது, எந்தத் திட்டம் வேண்டும் என்பவை மக்களின் விருப்பத்தால் தீர்மானிக்கப்பட வேண்டியவை. ஆனால் என்ன நடந்தது என்பதை விருப்பத்தால் தீர்மானிக்க முடியாது. லமாரின் உலகம் இந்த இரண்டையும் குழப்பிக் கொண்டது. கப்பலில் இருந்தபோது லைசெல்லா கற்றுக்கொண்டதும் இந்த வேறுபாட்டைத்தான்: கருத்து வேறு, அறிவு வேறு.

காவலும் குற்றச்சாட்டும்

இங்கே ஒரு தடை எழலாம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகக் கேள்விப்படும் ஒரு தாய், பிரமாணங்களை ஆராய்ந்து முடிக்கும்வரை காத்திருக்க முடியுமா? அதற்குள் விபரீதம் நிகழ்ந்து விட்டால்?

நியாயமான தடை. அவள் காத்திருக்க வேண்டியதில்லை. தன் குழந்தையை வீட்டுக்குள் அழைத்துக் கொள்ளலாம். காவல் நிலையத்தில் விசாரிக்கலாம். காவலாக இருப்பதற்கு ஐயம் போதும். ஆனால் எதிரே வரும் அந்நியனைக் குற்றவாளி என்று சுட்டுவதற்கு ஐயம் போதாது, அறிவு வேண்டும். தன்னைக் காத்துக் கொள்வதில் தவறு நேர்ந்தால் இழப்பு சிறியது. ஒரு மாலை விளையாட்டு தடைப்படும். பிறனைச் சுட்டுவதில் தவறு நேர்ந்தால் இழந்ததை மீட்க முடியாது. எவ்வளவு பெரிய கேடு விளையக் கூடுமோ அவ்வளவு உறுதியான அறிவு தேவை என்பது எளிய விதி.

இந்த விதியைக் கடைப்பிடிப்பது எளிதன்று. டுவிட்டர் தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபடியும் பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று கண்டனர். தானியங்கிக் கணக்குகள் மெய்யையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. பொய்யைத் தேர்ந்தெடுத்துப் பரப்பியவர்கள் மனிதர்களே. வியப்பும் அச்சமும் அருவருப்பும் அவர்களைத் தூண்டின. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு விதித்தது. 2019 ஜனவரியில் அதை உலகெங்கும் விரிவாக்கியது. இத்தகைய வேலிகள் வேகத்தைக் குறைக்கும். ஆனால் வியப்பும் அச்சமும் எழும் இடம் மனம். அங்கே வேலி போட வேண்டியவன் அவனவனே.

அணைக்கப்பட்ட திரை

அத்தியாயத்தின் இறுதிக் காட்சியில் லைசெல்லா தன் வீட்டில் இருக்கிறாள். தொலைக்காட்சியில் இன்னொரு மனிதன், இன்னொரு வாக்கெடுப்பு. ஊர் முழுவதும் அம்பை அழுத்திக் கொண்டிருக்கும் அந்த நேரத்தில், அவள் வாக்களிக்காமல் திரையை அணைத்து விடுகிறாள். அவ்வளவுதான். அவள் புரட்சி செய்யவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. அந்த மனிதனின் கதி என்ன என்பதுகூடப் பார்ப்பவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

ஆயினும் அந்தச் செயலை அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. தனக்குத் தெரியாததைப் பற்றித் தீர்ப்பளிக்கும் உரிமை தனக்கு இல்லை என்று ஒரு மனம் உணர்ந்த தருணம் அது. அறிந்ததைத் துணிந்து சொல்வது வாய்மையின் ஒரு முகம். அறியாத இடத்தில் வாயை மூடுவது அதன் மற்றொரு முகம். ஒரு கோடி விரல்கள் சேர்ந்து ஒருவனைக் கொல்லக் கூடுமென்றால், அழுத்தாமல் விலகும் ஒவ்வொரு விரலும் அவனுக்கு இன்னும் ஒரு நொடி உயிரைக் கொடுக்கிறது. உண்மை வந்து சேர்வதற்கு அந்த ஒரு நொடியே தேவைப்படக்கூடும்.